மலையில் ஹைப்ரிட் கார்: இழுக்குமா, மிச்சம் பிடிக்குமா?

நோர்வூட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மனைவி ஹட்டனில் படிப்பிக்கிறாராம். தினமும் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவர வேண்டும், மாதத்தில் இரண்டு மூன்று தடவை கொழும்புக்குப் போய்வர வேண்டும், நேரம் கிடைத்தால் ஹயரும் ஓடலாம் என்று ஒரு பழைய டொயோட்டா அக்வா ஹைப்ரிட் பார்த்து வைத்திருக்கிறார். ஆனால் ஒருவர் ஹைப்ரிட் ஏற்றத்தில் இழுக்காது என்கிறாராம். இன்னொருவர், இறக்கம் முழுக்கச் சும்மா சார்ஜ் ஏறும், பெற்றோல் செலவே இருக்காது என்கிறாராம். மூன்றாமவரோ பற்றரி போனால் காரைப் பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும் என்று பயமுறுத்துகிறாராம். யார் சொல்வதை நம்புவது என்று கேட்கிறார்.

தம்பி, மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் மூன்று பேருமே பாதியைத்தான் சொல்கிறார்கள். தலவாக்கலைப் பக்கம் பத்துப் பன்னிரண்டு வருடமாக ஹைப்ரிட் வாகனங்களைப் பிரித்துப் பார்த்து வேலை செய்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில், அது எப்படி ஓடுகிறது. காரில் ஒரு பெற்றோல் எஞ்சின் இருக்கிறது, மின்மோட்டாரும் இருக்கிறது, பின் சீற்றுக்கு அடியில் ஒரு பெரிய பற்றரி இருக்கிறது. வீட்டில் வயர் இழுத்து சார்ஜ் போடத் தேவையில்லை. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் அக்வாவில் அப்படிப் போட வழியும் இல்லை. எல்லாச் சக்தியும் கடைசியில் பெற்றோலிலிருந்துதான் வருகிறது. அப்படியானால் மிச்சம் எங்கே என்று கேட்பீர்கள். சாதாரண காரில் பிரேக் போடும்போது வேகமெல்லாம் சூடாகி பிரேக் தட்டில் வீணாகிறது. ஹைப்ரிட்டில் காலை எடுத்தவுடன், இல்லாவிட்டால் பிரேக்கை மெதுவாக மிதித்தவுடன், அந்த மோட்டாரே டைனமோவாக மாறி வேகத்தை மின்சாரமாக்கிப் பற்றரியில் போட்டு வைக்கிறது. அப்புறம் கிளம்பும்போது, ஊர்ந்து போகும்போது எஞ்சினை நிறுத்திவிட்டு அந்த மின்சாரத்தில் ஓடுகிறது. எஞ்சினுக்கு எந்த வேகத்தில் ஓடினால் பெற்றோல் குறைவாகக் குடிக்குமோ அந்த இடத்திலேயே அதை வைத்திருக்கப் பார்க்கிறது.

எஞ்சினே கொஞ்சம் வேறு மாதிரி. அட்கின்சன் முறை என்பார்கள். 1882ல் ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்த யோசனை அது. இந்தக் காலத்து எஞ்சினில் காற்றை உள்ளிழுக்கும் வால்வைக் கொஞ்சம் பிந்தி மூடுவதால் அமுக்குவது குறைவாகவும் விரிவது கூடுதலாகவும் நடக்கும், அதனால் பெற்றோலின் சூடு வீணாவது குறையும். ஆனால் அந்த எஞ்சின் மெதுவான வேகத்தில் சோம்பலாக இருக்கும், தனியாக விட்டால் கிளம்பும்போது இழுவை போதாது. அந்தக் குறையை மோட்டார் நிரப்புகிறது.

இனி டொயோட்டாவின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மலையில் ஓட்டுகிறவனுக்கு இதுதான் முக்கியம். 1997 டிசம்பரில் ஜப்பானில் முதல் பிரியஸ் வந்தபோதிருந்து அடிப்படை மாறவில்லை. 2011 டிசம்பரில் வந்த அக்வாவிலும் அதுதான். எஞ்சினையும் இரண்டு மோட்டார்களையும் ஒரு பல்சக்கரக் கூட்டம் இணைக்கிறது: நடுவில் ஒரு சக்கரம், அதைச் சுற்றி உருளும் சின்னச் சக்கரங்கள், வெளியே ஒரு பெரிய வளையம். எஞ்சின் சின்னச் சக்கரங்களைச் சுற்றும். அதில் ஒரு பங்கு பலம் நேராக வெளி வளையம் வழியாக டயருக்குப் போகும், மிச்சப் பங்கு நடுச் சக்கரத்தில் இருக்கும் சின்ன மோட்டாரைச் சுற்றி மின்சாரமாகி, பெரிய மோட்டார் வழியாக அதே டயருக்கு வந்து சேரும். எவ்வளவு இந்தப் பக்கம், எவ்வளவு அந்தப் பக்கம் என்பதைக் கணினி விநாடிக்கு விநாடி மாற்றிக்கொண்டே இருக்கும். கியர் மாறுவது கிடையாது, பெல்ட் கிடையாது, கிளட்ச் தட்டு கிடையாது, தனி ஸ்டார்ட்டர் கிடையாது, தனி ஓல்டனேட்டரும் கிடையாது. ஏற்றத்தில் லொறிக்குப் பின்னால் அரை மணி நேரம் ஊர்ந்தாலும் எரிந்துபோக அங்கே கிளட்ச் என்று ஒன்றே இல்லை. எனக்கு இந்த அமைப்பின் மேல் இருக்கும் மதிப்புக்கு முதல் காரணம் அதுதான்.

சரி, இழுக்குமா? கணக்குப் போட்டே பார்ப்போம். ஆட்களோடு சேர்த்து 1,300 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வீத ஏற்றத்தில் 40 கிலோமீற்றர் வேகத்தில் போக ஏறக்குறைய 14 கிலோவாட் வேண்டும். அக்வாவின் 1.5 லீற்றர் எஞ்சின் மட்டும் 54 கிலோவாட் தரும். நுவரெலியா உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஆகவே எந்தப் பெற்றோல் எஞ்சினும் அந்த அளவுக்குப் பலம் இழக்கும் (டர்போ இருப்பது வேறு). அப்படிப் பார்த்தாலும் 40க்கு மேல் மிச்சம் இருக்கிறது. மோட்டாருக்குக் காற்றே தேவையில்லை, அது கொழும்பில் எப்படியோ பிதுருதலாகலை அடிவாரத்திலும் அப்படியே. ஆக, இழுக்கும். ஆனால் சத்தம் போட்டுக்கொண்டு இழுக்கும். நீண்ட ஏற்றத்தில், திரையில் சார்ஜ் அளவைக் காட்டும் எட்டுப் பற்றரிக் கோடுகள் இறங்கி இரண்டுக்கு வந்துவிட்டால் முந்திப் போவதற்குக் கிடைக்கும் மோட்டார் உதவி குறைந்துவிடும், எஞ்சின் ஒரே சுதியில் அலறும். ஓட்டுகிறவருக்குக் கார் திணறுவது போலத் தோன்றும். கியர் மாறும் சத்தத்துக்குப் பழகிய காது என்பதால் அப்படி. "இழுக்காது" என்ற பேச்சு பெரும்பாலும் இங்கிருந்துதான் பிறந்தது.

ஒரு இடத்தில் மட்டும் அது உண்மையிலேயே இழுக்காது, ரிவர்ஸில். டொயோட்டா ஹைப்ரிட் பின்னால் போவது மோட்டாரால் மட்டும், எஞ்சினால் அந்தப் பக்கம் தள்ள முடியாது. லயத்துக்கு ஏறும் செங்குத்தான கொங்கிறீட் பாதையில், பற்றரி இறங்கிய நிலையில், நாலு பேரை ஏற்றிக்கொண்டு பின்பக்கமாக ஏற்றப் பார்த்தால் பாதியில் நின்றுவிடும். மேலே ஏறுவதை எப்போதும் முன்பக்கமாக ஏறுங்கள், பின்னால் வருவது இறக்கமாக இருக்கட்டும். வீட்டு வாசலில் எப்படி நிறுத்துவது என்பதை கார் வாங்க முன்னரே யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இறக்கம். எல்லோரும் ஏமாறுகிற இடம் இது. 1,300 கிலோ காரை 1,000 மீற்றர் உயரத்திலிருந்து இறக்கினால் மூன்றரை யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி வெளிவரும், கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான். டயரின் உராய்வுக்கும் காற்றுக்கும் ஒரு பங்கு போனாலும் மிச்சமே அதிகம். ஆனால் அக்வாவின் பற்றரி முழுக்கொள்ளளவே ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு, அதிலும் பற்றரி கெட்டுப்போகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகக் கார் பயன்படுத்துவது பாதிக்கும் குறைவு. அருவிக்கு அடியில் செம்பை வைத்துத் தண்ணீர் பிடிக்கிற மாதிரி. செம்பு நிறைந்ததும் மிச்சமெல்லாம் வழிந்து ஓடத்தான் செய்யும். அதே செம்பை வைத்துக்கொண்டு ஏறப் பார்த்தால் நூறு மீற்றர் உயரம்கூட ஏற முடியாது.

நுவரெலியாவிலிருந்து டொப்பாஸ் தாண்டி லபுக்கலைப் பக்கம் இறங்கும்போது திரையைப் பாருங்கள். நாலு கோடு ஐந்தாகும், ஆறாகும், தேயிலை மலையைச் சுற்றி முடக்கு முடக்காக இறங்க இறங்க ஏழாகும், ரம்பொடை வருவதற்கு முன்னரே எட்டும் நிறைந்துவிடும். அப்போது நீங்கள் காலை வைக்காமலே எஞ்சின் தானாக 'ஊ' என்று சுற்றத் தொடங்கும். முதல் தடவை இதைக் கேட்டவர்கள் கார் கெட்டுவிட்டது என்று ஓரம் கட்டி எனக்கு அழைப்பு எடுத்திருக்கிறார்கள். ஒன்றும் கெடவில்லை. மின்சாரத்தைப் போட்டு வைக்க இடம் இல்லாததால் சின்ன மோட்டார் எஞ்சினைப் பெற்றோல் இல்லாமல் சுற்றி அந்தச் சக்தியைச் செலவழிக்கிறது. பழைய லொறி முதல் கியரில் இறங்குவதைப் போலத்தான், அதனால் பிரேக்குக்கும் ஓய்வு கிடைக்கிறது.

கியர் நெம்பில் 'பி' (ஆங்கில B, நிறுத்தி வைக்கும் P அல்ல) என்று ஓர் இடம் இருக்கும். நீண்ட செங்குத்து இறக்கத்துக்கு அதைப் போடுங்கள், எஞ்சின் பிடிப்பு கூடும். சமதரையில் அதைப் போட்டு ஓட்டுவதில் பயனில்லை, பற்றரிக்குப் போக வேண்டியதில் ஒரு பங்கு வீணாகும். ஆனால் ஒன்று சொல்கிறேன், இதை மட்டும் மறக்காதீர்கள்: இறக்கத்தில் நியூட்ரலில் விடாதீர்கள். நம் பக்கத்தில் பழைய ஓட்டுநர்கள் பலருக்குப் பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டும் பழக்கம் இருக்கிறது. ஹைப்ரிட்டில் நியூட்ரல் போட்டால் பற்றரி சார்ஜ் ஆகாது, எஞ்சின் பிடிப்பும் இல்லை, முழு எடையும் பிரேக் தட்டின் மேல் விழும். நானுஓயாவிலிருந்து ரதல்லைக் குறுக்குப் பாதையில் அப்படி இறங்குவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

சரி, மிச்சம் பிடிக்குமா? கொழும்பில் பிடிக்கும் அளவுக்கு மலையில் பிடிக்காது. நின்று நின்று போகும் ஓட்டத்தில்தான் ஹைப்ரிட் தன் வேலையைக் காட்டும். கினிகத்தேனையிலிருந்து வட்டவளை வழியாக ஹட்டனுக்கு ஒரே மூச்சில் ஏறும்போது அதுவும் ஒரு பெற்றோல் கார்தான், பற்றரியையும் சுமந்துகொண்டு ஏறுகிற பெற்றோல் கார். இறக்கத்தில் மிச்சம் என்றால், பெற்றோலை ஊசியால் தெளிக்கும் இந்தக் காலத்துச் சாதாரண காரும் கியரில் இறங்கும்போது எஞ்சினுக்குப் பெற்றோல் விடாது. பிறகு எதில் லாபம்? முடக்குகளில். நம் வீதியில் நேராகப் போகும் இடம் எத்தனை? ஒரு முடக்குக்கு வேகம் குறைத்து, எதிரே வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கி, ஆட்டோவுக்குப் பின்னால் ஊர்ந்து, மறுபடி எடுத்து, மறுபடி குறைத்து ஓடுகிறோம். ஒவ்வொரு குறைப்பிலும் கொஞ்சம் செம்பில் விழுகிறது, அடுத்த எடுப்பில் அது செலவாகிறது. சின்னச் சின்ன ஏற்ற இறக்கத்துக்கு அந்தச் சின்னச் செம்பு போதும். உங்கள் நோர்வூட் - டிக்கோயா - ஹட்டன் ஓட்டம் அந்த வகைதான், ஹட்டன் நகர நெரிசலும் சேர்ந்தால் இன்னும் நல்லது. ஜப்பான் விளம்பரத்தில் லீற்றருக்கு 35.4 கிலோமீற்றர் என்று போட்டிருந்தார்கள், அது அவர்கள் சோதனைக்கூடக் கணக்கு. நல்ல நிலையில் இருக்கும் அக்வா நம் பாதையில் 16, 17 தந்தால் திருப்திப்படுங்கள். கொழும்புப் பயணத்தில் கூடும்.

குளிரும் ஒரு விஷயம். காலையில் எஞ்சின் சூடாகும் வரை அது நிற்காது. நுவரெலியாப் பக்கம் ஹீற்றர் போட்டால் அந்தச் சூடு எஞ்சின் தண்ணீரிலிருந்துதான் வருகிறது என்பதால் நின்றிருக்கும்போதும் எஞ்சின் ஓடும். அதே குளிர் பற்றரிக்கு வரம். இந்தப் பற்றரிகளை முதலில் முதுமையாக்குவது சூடு. வெயில் ஊர்களில் ஓடிய வண்டியையும் மலையிலேயே இருந்த வண்டியையும் ஒரே வயதில் ஸ்கேன் பண்ணிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

2022ல் பெற்றோல் விலை ஏறிய கதை உங்களுக்குத் தெரியாததல்ல. வருடத் தொடக்கத்தில் 177 ரூபாயாக இருந்த 92 ஒக்ரேன் ஜூன் கடைசியில் 470 ஆனது. அப்புறம் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர்தான். பெற்றோல் ஷெட்டில் இரவெல்லாம் வண்டியிலேயே தூங்கி எழுந்த பலர் அந்த வருடமே ஹைப்ரிட்டுக்கு மாறத் தீர்மானித்தார்கள். 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை தனியார் வாகன இறக்குமதி நின்றிருந்ததால் ஏற்கெனவே ஊரில் ஓடிய வண்டிகளே கை மாறிக்கொண்டிருந்தன. நீங்கள் பார்க்கும் அக்வாவும் அப்படி நாலைந்து கை மாறியதாக இருக்கலாம். எனவே பற்றரியைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும்.

பற்றரி போனால் காரே போச்சு என்பது சரியில்லை. அக்வாவில் 7.2 வோல்ட் கட்டைகள் 20, மொத்தம் 144 வோல்ட். சாதாரணமாக எல்லாம் ஒரே நாளில் சாகாது, ஒன்றிரண்டு பலவீனமாகி மற்றவற்றையும் இழுத்துவிடும். பழுதானதை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவர்கள் உண்டு. அது தற்காலிகம், பழைய கட்டைகளுக்கு நடுவில் புதிதாக ஒன்றை வைத்தால் இரண்டும் ஒரே மாதிரி நிறையாது, காலியாகாது, கொஞ்ச மாதத்தில் அடுத்தது விழும். விற்கப்போகிறவர் அப்படிச் செய்வார், வைத்து ஓட்டப்போகிறவர் முழுத் தொகுதியாகவே மாற்றுவது நல்லது. ஹயர் ஓடுவதாக இருந்தால் அந்தச் செலவுக்கு இன்றிலிருந்தே மாதாமாதம் ஒரு தொகை ஒதுக்குங்கள்.

பற்றரியைக் கொல்வதில் முதல் இடம் தூசிக்கு. பின் சீற்றின் பக்கத்தில் சின்ன வலை மாதிரி ஒரு வாய் இருக்கும், அதன் வழியாக ஒரு விசிறி காருக்குள் இருக்கும் குளிர்ந்த காற்றை இழுத்துப் பற்றரிக்கு அனுப்புகிறது. தோட்ட வீதியில் ஓடிய ஒரு காரில் அந்த விசிறியைக் கழற்றினேன். இதழ்கள் தெரியவே இல்லை, செம்மண் தூசியும் கம்பளி நூலும் சேர்ந்து மெத்தை மாதிரி படிந்திருந்தது, நடுவில் பிஸ்கட் துண்டு ஒன்று. அந்தப் பற்றரி மூன்று வருடமாக மூச்சு முட்டிக்கொண்டு ஓடியிருக்கிறது. சுத்தம் பண்ணுவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. பள்ளிக்கூடப் பையையோ மரக்கறி மூட்டையையோ அந்த வாயை மறைத்து வைக்காதீர்கள். பற்றரிப் பெட்டிக்குப் போகும் செம்மஞ்சள் நிற வயரை மட்டும் நீங்களாகத் தொடவே கூடாது.

இன்னொன்று. எங்கள் பக்கத்து ஹயர்கார அண்ணன் ஒருவர் காலையில் எழுந்து பொத்தானை அழுத்தினால் எல்லா விளக்கும் மங்கலாக மினுங்குகிறது, 'ரெடி' வரவில்லை. வேறு ஊர் கராஜ் ஒன்றிலிருந்து வந்து பார்த்தவர்கள் ஹைப்ரிட் பற்றரி செத்துவிட்டது, லட்சக்கணக்கில் செலவு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அண்ணன் காரை விற்கவே தயாராகிவிட்டார். நான் போய் மீற்றர் வைத்துப் பார்த்தால் 12 வோல்ட் சின்னப் பற்றரியில் ஒன்பது சொச்சம்தான் காட்டியது. பெரிய பற்றரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் கணினியை எழுப்புவது அந்தச் சின்னதுதான். அதை மாற்றியதும் கார் கிளம்பியது. யாராவது பெரிய பற்றரி போச்சு என்றால் முதலில் சின்னதை அளக்கச் சொல்லுங்கள்.

மற்ற வகைகளைப் பற்றிச் சுருக்கமாக. சுசுக்கி வேகன் ஆர் மாதிரி வண்டிகளில் இருப்பது உதவி மோட்டார் மட்டும், மலை ஏற்ற அதை நம்ப முடியாது, ஆனால் வண்டி இலேசு, 660 சிசி, தனியாக ஓட்டுகிறவருக்கு நல்லது. நிசான் நோட் ஈ-பவரில் எஞ்சின் மின்சாரம் மட்டும்தான் உண்டாக்கும், டயரைச் சுற்றுவது மோட்டார், ஏற்றத்தில் எடுப்பு அருமையாக இருக்கும். 2013 கடைசியில் வந்த ஹொண்டா ஃபிட், வெசல் ஹைப்ரிட்டுகளில் இரட்டைக் கிளட்ச் கொண்ட ஏழு கியர் பெட்டி. சமதரையில் ஓட்ட இனிமையானது. தொடக்கத்தில் ஜப்பானிலேயே பல தடவை திருப்பி அழைத்துத் திருத்தினார்கள். ஏற்றத்தில் ஊர்ந்து ஊர்ந்து போனால் கிளட்ச் சூடாகும், ஆக்சிலேட்டரைப் பாதி மிதித்து வண்டியை ஏற்றத்தில் நிறுத்தி வைப்பது அதற்கு ஆகவே ஆகாது. கடுகண்ணாவை நெரிசலில் அப்படி நிற்பதை நினைத்துப் பாருங்கள். நெரிசலில் பிரேக்கில் காலை வைத்து, இடைவெளி விட்டு, ஒரே தடவையில் எடுத்துப் போகத் தெரிந்தவர் தாராளமாக எடுக்கலாம். உங்களுக்கு நான் அக்வாவைத்தான் சொல்வேன், ஆக்சியோ ஹைப்ரிட் கிடைத்தாலும் சரி. அக்வா தரையிலிருந்து 140 மில்லிமீற்றர்தான் உயரம், டிவிஷன் பாதையில் அடி தட்டும். கோணல் மாணலான தோட்டப் பாதையில் தினமும் ஏற வேண்டியிருந்தால், சாமான் ஏற்ற வேண்டியிருந்தால், ஹைப்ரிட்டே வேண்டாம்.

வாங்கும்போது ஓடிய தூரம் என்று மீற்றரில் காட்டும் மைலேஜ் எண்ணை நம்பாதீர்கள். ஸ்கேன் பண்ணிப் பற்றரிக் கட்டைகளின் வோல்ட்டைப் பாருங்கள், நிற்கும்போது மட்டுமல்ல, ஏற்றத்தில் ஓடும்போதும். கோடுகள் ஆறிலிருந்து இரண்டுக்குச் சடசடவென்று விழுந்து, அதே வேகத்தில் இறக்கத்தில் எட்டுக்கு ஏறினால் செம்பு ஒடுங்கிவிட்டது என்று அர்த்தம். பிரேக்கை மிதிக்காமலே சில விநாடிக்கு ஒரு தடவை 'ர்ர்' என்று பம்ப் ஓடும் சத்தம் கேட்டால் பிரேக் பூஸ்டர் தேய்கிறது, மலையில் ஓட்டுகிறவர் அதைச் சின்ன விஷயமாக எடுக்கக் கூடாது. இன்வர்ட்டருக்கான (பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி) தண்ணீர்ப் போத்தல் தனியாக இருக்கும், அதன் அளவையும் பாருங்கள். மின்சாரத்தில் ஓடும்போது சத்தம் வராது என்பதையும் மனதில் வையுங்கள்; மாலை கொழுந்து நிறுத்துவிட்டு வீதியோரமாக நடந்து வரும் அக்காமாருக்குப் பின்னால் கார் வருவது தெரியாது, முடக்குக்கு முன் ஹோன் அடித்துவிட்டுப் போங்கள்.

காரைப் பார்க்கப் போகும் நாளைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். போகுமுன் அழைத்து, நான் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் போனட்டைத் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த காரைப் பாருங்கள்.